மெரோதாக்பலாதானின் ஒன்பது மாத அரசாட்சி

எசேக்கியா பாபிலோனியத் தூதுவருக்குத் தன் பொக்கிஷசாலையைக் காண்பித்த நிகழ்ச்சியை (ஏசா. 39, 2 இரா. 20) நாம் பெரும்பாலும் பெருமைக்கு எடுத்துக்காட்டாகவே பிரசங்கிக்கிறோம். அத்தூதுவரை அனுப்பிய மெரோதாக்பலாதானின் வரலாற்றோடு சேர்த்து நோக்கினால், அப்பகுதியின் பொருள் மேலும் தெளிவாகும்.

இவன் தென் மெசொப்பொத்தாமியாவின் சதுப்புநிலப் பகுதியில் வாழ்ந்த கல்தேயரின் தலைவன். கி.மு. 721-இல் ஏலாமியரின் ஆதரவோடு பாபிலோனின் அரசனானான். 710-இல் அசீரிய மன்னன் சர்கோன் அவனைத் துரத்தினான். 705-இல் சர்கோன் போரில் மடிந்தான். 703-இல் மெரோதாக்பலாதான் மீண்டும் பாபிலோனைக் கைப்பற்றினான். பாபிலோனிய அரசர் பட்டியல் இவ்விரண்டாம் ஆட்சிக்கு ஒன்பது மாதங்களையே அளிக்கிறது.

எருசலேமுக்குத் தூது வந்தது இக்காலத்தையொட்டியே என்பது அறிஞர் பலரின் கருத்து. ஆகவே அது நலம் விசாரிக்கும் தூது மட்டுமன்று. அசீரியாவுக்கு எதிராகத் துணை தேடிய தூதும் ஆகும். எசேக்கியா காண்பித்த பொன்னும் வெள்ளியும் ஆயுதங்களும், தான் தகுதியுள்ள துணைவன் என்பதற்கான சான்றுகளாயின.

ஆனால் அத்துணை நிலைக்கவில்லை. சனகெரிப் கூத்தா நகரைப் பிடித்து, கீஷ் சமவெளியில் பாபிலோனியரையும் ஏலாமியரையும் முறியடித்தான். மெரோதாக்பலாதான் சதுப்புநிலத்தில் ஒளிந்துகொண்டான். ஐந்து நாள் தேடியும் அவன் அகப்படவில்லை. சனகெரிப் பாபிலோனின் அரண்மனைக்குள் நுழைந்து, அங்கிருந்த பொக்கிஷசாலையைத் திறந்து கொள்ளையிட்டதாகத் தன் கல்வெட்டில் பெருமையுடன் கூறுகிறான்.

701-இல் யூதாவின் முறை வந்தது. அப்போது பாபிலோனிலிருந்து உதவி வரவில்லை. எசேக்கியா முப்பது தாலந்து பொன்னும் முந்நூறு தாலந்து வெள்ளியும் செலுத்த நேர்ந்தது (2 இரா. 18:14), அசீரியக் கல்வெட்டு வெள்ளியை 800 தாலந்து என்கிறது. நண்பனுக்குக் காண்பித்த பொக்கிஷம் பகைவனின் கைக்குச் சென்றது. மறு ஆண்டில் மெரோதாக்பலாதான் தன் தெய்வச் சிலைகளைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு ஏலாம் கரைக்கு ஓடினான்.

ஏசாயாவோ அசீரியாவைக் குறித்து எச்சரிக்கவில்லை; துணை தேடி வந்த பாபிலோனே ஒருநாள் யாவற்றையும் வாரிக்கொண்டு போகும் என்றார். எசேக்கியாவின் பிழை செல்வத்தைக் காண்பித்ததில் மட்டும் இல்லை. ஒன்பது மாதமே நிலைத்த அரசாட்சியில் தன் மக்களின் பாதுகாப்பைத் தேடியதிலும் இருந்தது. இப்பகுதியைப் பிரசங்கிக்கும் நாம், திருச்சபை இன்று யாருக்குத் தன் பொக்கிஷசாலையைத் திறந்து காட்டுகிறது என்றும் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.