வழக்கறிஞரிடம் சட்ட மாணவர் பயிற்சி: பெரம்பலூர், அரியலூர்

சட்டம் படிப்பவர் தொழில் நடத்தும் வழக்கறிஞரின் அலுவலகத்திலும் நீதிமன்றத்திலும் கூடவே இருந்து வேலை பழகுவது இப்பயிற்சி. இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டுச் சட்டக் கல்வி விதிகள், மூன்றாண்டுப் படிப்புக்குக் குறைந்தது 12 வாரமும் ஐந்தாண்டுப் படிப்புக்கு 20 வாரமும் பயிற்சி கேட்கின்றன. ஒரு சிவில் வழக்கு, ஒரு கிரிமினல் வழக்கு ஆகியவற்றின் விசாரணையை நேரில் பார்த்துக் குறிப்பேடு எழுதவும் வேண்டும். பட்டத்துக்குப் பிந்தைய ஓராண்டுப் பயிற்சி 1973இல் நீக்கப்பட்டது. பார் கவுன்சில் 1995இல் அதை மீட்டது. 1999இல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. ஆகவே, கட்டாயப் பயிற்சிக் காலமென்று இன்று மிஞ்சியிருப்பது படிப்பின்போதான இந்தச் சில வாரங்களே.

பெரம்பலூர் 1995இல் திருச்சியிலிருந்து பிரிந்தது. அரியலூர் 2007இல் மீண்டும் தனி மாவட்டமானது. திருச்சி அரசு சட்டக் கல்லூரியில் படிக்கும் இப்பகுதிப் பிள்ளைகள் விடுமுறையில் சொந்த ஊர் சீனியர் வழக்கறிஞரிடம் சேர்வதில் லாபம் உண்டு. சிமென்ட் ஆலைகளும் சுண்ணாம்புக்கல் லாரிகளும் ஓடும் அரியலூரில் விபத்து இழப்பீட்டு மனுக்களுக்குக் குறைவில்லை. அதே மாவட்டத்தின் ஜெயங்கொண்டம் பழுப்பு நிலக்கரித் திட்டத்துக்கு 1990களில் எடுத்த நிலங்களின் இழப்பீட்டு வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுத்தன. நிலமெடுப்புச் சட்டத்தை அவற்றைவிட நன்றாகக் கற்பிக்கும் பாடம் அரிது.

பாகப்பிரிவினை வழக்கொன்றின் கட்டைப் பிரித்தால், பிராதின் கடைசியில் சொத்து விவரம் இருக்கும். அதிலுள்ள சர்வே எண்ணையும் நான்கெல்லையையும் மூலப்பத்திரம், சிட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றோடு ஒத்துப் பார்க்கும் வேலையைச் சீனியர்கள் மாணவரிடம் தள்ளிவிடுவதுண்டு. சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் உட்பிரிவு எண் ஒன்று பிசகினால், வழக்கை ஜெயித்த பிறகும் அமீனா எந்த நிலத்தை அளந்து ஒப்படைப்பது என்று தெரியாமல் திரும்ப நேரும்.

கீழமை நீதிமன்றங்களில் சாட்சியம் தமிழில் பதிவாகிறது. ஆங்கிலத்தில் சாட்சியச் சட்டம் படித்தவருக்கு, எதிர்த்தரப்பு விவசாயியைக் குறுக்கு விசாரணையில் எப்படிக் கேட்பதென்பது இங்கேதான் பிடிபடும். மனு ஏன் ரிட்டர்ன் ஆனது, பேட்டா எப்போது கட்டுவது, நகல் மனு எங்கே போடுவது போன்றவற்றுக்கு வக்கீல் குமாஸ்தாவே ஆசான். சட்டக் கல்வி விதிகளில் அவருக்கு இடமில்லை.

வராமலே சான்றிதழ் வாங்குவது இம்முறையின் பழைய நோய். ஒழுங்காக வந்தாலும் பயிற்சி வாரங்கள் தொழில் அனுபவமாகா. சிவில் நீதிபதி தேர்வுக்கு மூன்றாண்டுத் தொழில் அனுபவம் தேவை என 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தக் கணக்கு வழக்கறிஞராகத் தற்காலிகப் பதிவு பெற்ற நாளிலிருந்துதான் தொடங்கும். மாணவராக நீதிமன்றத்தில் கழித்த வாரங்கள் அதில் சேரா.