வாய்ப் புற்றுநோய்: பல் மருத்துவர்களுக்கு இணையம்வழிப் பயிற்சி எதற்கு?

பல்வலி என்றால் பல் மருத்துவரிடம் ஓடுகிறோம். நாக்கின் ஓரத்தில் சின்னப் புண் என்றால்? "வலிக்கலையே, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டுவிடுகிறோம்.

அங்குதான் சிக்கல். தொடக்கநிலை வாய்ப் புற்றுநோய் பெரும்பாலும் வலிக்காது. வேறு காரணத்துக்காக வாயைத் திறக்கும்போது அதை முதலில் பார்க்கக்கூடியவர் பல் மருத்துவர். ஆனால், பார்ப்பது வேறு. கண்டுபிடிப்பது வேறு.

பாதிப்பு எவ்வளவு?

2020ஆம் ஆண்டில் உலகளவில் ஏறத்தாழ 378,000 பேருக்கு உதடு, வாய்ப் புற்றுநோய் ஏற்பட்டதாக மதிப்பிடப்பட்டது. சுமார் 178,000 பேர் மாண்டனர்.

மலேசியாவில் இந்தியர்களிடையே இந்நோய் அதிகம். வெற்றிலை பாக்கு போடும் பழக்கம் அதற்கு முக்கியக் காரணம். தோட்டப்புறங்களில் பல தலைமுறைகளாக இருந்துவந்த பழக்கம் அது. சபா, சரவாக் பூர்வகுடியினர் சிலரிடமும் இப்பழக்கம் உண்டு.

"நான் புகையிலை சேர்க்கிறதில்லையே" என்று சொல்வோர் உண்டு. பாக்கு மட்டுமே புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியுள்ளது. புகைபிடித்தலும் மதுவும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும்.

படித்த மருத்துவருக்கு மறுபடி ஏன் பயிற்சி?

பொதுவான பல் மருத்துவர் ஒருவர் தம் பணிக்காலத்தில் சில வாய்ப் புற்றுநோயாளிகளையே சந்திக்கக்கூடும். மாணவர்கள் படிக்கும் காலத்தில் ஒருவரைக்கூடப் பார்க்காமல் போகலாம். எப்போதாவது வரும் ஒன்றை அடையாளம் காணக் கண் பழக வேண்டும்.

இணையம்வழிப் பயிற்சி அந்தக் குறையை ஓரளவு போக்குகிறது. நூற்றுக்கணக்கான படங்களைத் திரையில் பார்க்கலாம். "இவரை மருத்துவமனைக்கு அனுப்புவீர்களா, மாட்டீர்களா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லி, தவறை உடனே திருத்திக்கொள்ளலாம். சிறு நகரில் வேலை செய்பவர் மருந்தகத்தை மூடிவிட்டுத் தலைநகருக்குப் போக வேண்டியதில்லை.

என்ன கற்றுக்கொள்கிறார்கள்?

- துடைத்தால் போகாத வெள்ளைத் திட்டு
- சிவப்புத் திட்டு (வெள்ளைத் திட்டைவிட இது ஆபத்தானது)
- இரண்டு, மூன்று வாரத்தில் ஆறாத புண்
- வாய் திறக்கச் சிரமம், கன்னத்தின் உட்பகுதி இறுகுதல் (பாக்கு போடுவோரிடம் அதிகம்)
- கழுத்தில் கட்டி

நாக்கின் ஓரம், நாக்கின் அடிப்பகுதி, கன்னத்தின் உட்புறம் என்று எந்த இடத்தையும் விடாமல் வரிசையாகச் சோதிக்கும் முறையும் கற்பிக்கப்படுகிறது. பழக்கங்களைப் பற்றி நோயாளியின் மனம் நோகாமல் கேட்பதும் பாடத்தில் ஒரு பகுதி.

பயிற்சி உண்மையில் உயிர் காக்குமா?

கேரளத்தின் திருவனந்தபுரத்தில் நடந்த பெரிய ஆய்வு ஒன்றின் முடிவு 2005இல் வெளியானது. மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற சுகாதார ஊழியர்கள் 35 வயதும் அதற்கு மேற்பட்டவர்களின் வாயைக் கண்ணால் பரிசோதித்தனர். பரிசோதனை நடந்த பகுதிகளில், புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய் மரணம் 34 விழுக்காடு குறைந்தது. பெரிய கருவி எதுவும் இல்லை. பழகிய கண்ணும் நல்ல வெளிச்சமும்தான்.

நோய் பரவுவதற்கு முன் கண்டுபிடிக்கப்பட்டால் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் ஐந்தாண்டு தாண்டி வாழ்கிறார்கள் என்கின்றன அமெரிக்கப் புள்ளிவிவரங்கள். உடலின் மற்ற இடங்களுக்குப் பரவிவிட்டால் அது ஏறக்குறைய பாதியாகிவிடும்.

திரை மட்டும் போதுமா?

போதாது. கட்டி இறுகியிருக்கிறதா என்பதை விரலால் தொட்டுத்தான் உணர முடியும். புற்றுநோய்தான் என்று உறுதிசெய்யத் திசுப் பரிசோதனை வேண்டும். அதனால் இணையப் பாடத்துடன் நேரடிப் பயிற்சியும் தேவை. மலேசியப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு உருவாக்கிய 'மெமோசா' என்ற கைப்பேசிச் செயலி, வாயின் படத்தைத் தொலைவில் இருக்கும் நிபுணருக்கு அனுப்ப உதவுகிறது. சந்தேகம் வந்தால் தனியாக முடிவெடுக்க வேண்டியதில்லை.

நாம் என்ன செய்யலாம்?

அடுத்த முறை பல் மருத்துவரிடம் போகும்போது, "வாய் முழுக்க ஒருதடவை பார்த்துடுங்க டாக்டர்" என்று கேளுங்கள். வெற்றிலை, பாக்கு, புகை, மது எது இருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள். வீட்டில் வெற்றிலை போடும் பாட்டி இருந்தால் அவரையும் அழைத்துச் செல்லுங்கள். பல் எல்லாம் விழுந்துவிட்டாலும் வாயைச் சோதிக்க வேண்டும்.