ஆன்கோர்

ஆன்கோர் என்பது இசை நிகழ்ச்சியில் அவையோரின் கைதட்டலுக்கும் வேண்டுகோளுக்கும் இணங்கி மீண்டும் பாடப்படும், அல்லது நிகழ்ச்சியின் முடிவில் கூடுதலாக இசைக்கப்படும் உருப்படியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் ஆகும். இசை விமர்சனங்களில் மிகுதியாகப் பயன்படும் இச்சொல்லைத் தவறாகக் கையாண்டால் மேடையில் நடந்ததே வேறாகப் பொருள்படும்.

சொல் வரலாறு

பிரெஞ்சு மொழியில் இச்சொல்லுக்கு "இன்னும்", "மறுபடியும்" என்று பொருள். எனினும் பிரெஞ்சு அவையோர் இவ்வாறு கூவுவதில்லை. "இருமுறை" எனப் பொருள்படும் "பிஸ்" என்ற இலத்தீன் சொல்லையே கூவுவர். தமிழ் மேடைகளில் "ஒன்ஸ் மோர்" என்று ஆங்கிலத்தில் குரல் எழுவதும் இத்தகையதே. இலண்டனில் வெளிவந்த ஸ்பெக்டேட்டர் இதழில் 1712ஆம் ஆண்டிலேயே இச்சொல் காணப்படுகிறது.

தொடக்கத்தில் இது பாடிய பாடலையே திரும்பப் பாடுவதைக் குறித்தது. வியன்னாவில் 1786 மே 1 அன்று அரங்கேறிய மோட்சார்ட்டின் "பிகாரோவின் திருமணம்" ஆப்பெராவில் பல பகுதிகள் மீண்டும் பாடப்பட்டு நிகழ்ச்சி நீண்டதால், ஒருவருக்கு மேற்பட்டோர் பாடும் பகுதிகளைத் திரும்பப் பாடக்கூடாது எனப் பேரரசர் இரண்டாம் யோசேப்பு ஆணையிட்டார். ஆப்பெராவில் பழைய பொருள் இன்றும் நீடிக்கிறது. 2008இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆப்பெராவில் ஹுவான் தியேகோ புளோரெஸ், மேல் "சி" சுரத்தை ஒன்பது முறை தொடும் டோனிசெட்டியின் பாடலை மறுபடி பாடியது ஆன்கோரே. பிற கச்சேரிகளில் பெரும்பாலும் வேறொரு பாடலே இடம்பெறும். ராக் இசையில் இது பெரும்பாலும் முன்கூட்டியே திட்டமிடப்பட்டது. குழுவினர் மேடையை விட்டு இறங்குவதும் நிகழ்ச்சியின் பகுதியே.

எழுதும் முறை

இச்சொல் ஆங்கிலத்தில் "இ" என்னும் எழுத்தில் தொடங்குகிறது. ஒலிப்பை நம்பி "ஓ" என எழுதுவது பிழை. எழுத்தின் மேல் குறி எதுவும் இல்லை. முழுமையாக ஆங்கிலச் சொல்லாகிவிட்டதால் சாய்வெழுத்தும் தேவையில்லை. ஒருமையில் முன்னொட்டு "அன்" ஆகும்.

எண்ணிக்கையில்தான் குழப்பம் மிகுதி. பியானோ கலைஞர் நிகழ்ச்சிக்குப் பின் மூன்று உருப்படிகள் வாசித்தால் "த்ரீ ஆன்கோர்ஸ்" எனலாம். அங்கு ஒவ்வோர் உருப்படியும் ஓர் ஆன்கோர். ராக் குழு ஒருமுறை மேடைக்குத் திரும்பி மூன்று பாடல்களைப் பாடினால் அது "த்ரீ-சாங் ஆன்கோர்". இங்கு இணைப்புக்கோடு வேண்டும், "சாங்" ஒருமையிலேயே நிற்கும். இதனை "த்ரீ ஆன்கோர்ஸ்" என்று எழுதினால் குழு மூன்று முறை இறங்கித் திரும்பியதாகப் படிப்போர் கொள்வர்.

கலைஞர் திரும்பி வந்து வணங்கிவிட்டு மட்டும் சென்றால் அது ஆன்கோர் அன்று. அதற்குக் "கர்ட்டன் கால்" என்று பெயர். வினையாக வரும்போது, பழைய வழக்கில் அவையோரே எழுவாய். அவர்களே பாடலையோ பாடகரையோ "ஆன்கோர்" செய்வர். அமெரிக்கத் தொலைக்காட்சிகள் மறுஒளிபரப்பை "ஆன்கோர்" நிகழ்ச்சி என விளம்பரம் செய்வதுண்டு. யாரும் கேட்காமலே வருவதால் இது சொல்லின் பொருளைத் தளர்த்திய வழக்காகும்.