சுந்தரர் வரலாறு: சுவரோவியமும் காப்பியமும் சிற்பமும்

கவிதையும் ஓவியமும் ஒன்றற்கொன்று துணையாதலைத் தமிழ்ப் புலவர் பண்டே அறிந்திருந்தனர். திருப்பரங்குன்றத்தில் தீட்டப்பெற்றிருந்த காமனும் இரதியும், அகலிகையும் பூனை வடிவுற்ற இந்திரனும் இன்னார் என வினாவுவார்க்கு உடன் சென்றோர் விளக்கியமையைப் பரிபாடலின் 19-ஆம் பாடல் கூறும். நெடுநல்வாடையில் அரசமாதேவி, கட்டிலின் மேல்விதானத்தில் எழுதிய திங்களையும் உரோகிணியையும் நோக்கிப் பெருமூச்செறிகின்றாள். அப்பாடல்கள் நிலைத்தன, அவை கூறும் ஓவியங்களோ நிலைத்தில. இருவகைக் கலையையும் அருகருகே வைத்து ஆராயும் வாய்ப்பினை நமக்கு நல்குவது சுந்தரர் வரலாறேயாம்.

தஞ்சை இராசராசேச்சுரத்தின் கருவறையைச் சூழ்ந்த உட்சுற்றில், நாயக்கர் கால ஓவியப் படலத்தின் கீழே சோழர் ஓவியங்கள் மறைந்து கிடந்தன. அவற்றை 1931-இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டு உலகிற்கு அறிவித்தார். மேற்குச் சுவரில் சுந்தரர் வரலாறு தீட்டப்பெற்றுள்ளது. திருமண வீட்டின் ஆரவாரம், ஓலையேந்திய முதியவர், வழக்குக் கேட்கும் அவையோர் ஆகியன ஒருபால். வெள்ளானைமீது சுந்தரரும் குதிரைமீது சேரமான் பெருமாளும் கயிலைக்கு விரையும் காட்சி மற்றொருபால்.

இவ்வோவியத்தைப் ‘பெரியபுராணக் காட்சி’ எனக் குறிக்கும் வழக்கம் நூல்களிற் பரவியுள்ளது. காலக்கணக்கு இதற்கு இடந்தரவில்லை. இராசராசன் விமானத்தின் உச்சிக்குச் செப்புக்குடம் அளித்தது கி. பி. 1010-இல், ஓவியம் அதனையொட்டிய காலத்தது. சேக்கிழார் அநபாயன் எனப் போற்றும் சோழன் இரண்டாம் குலோத்துங்கன் என்பது பெரும்பாலோர் துணிபு. அவன் ஆண்ட காலம் 1133 முதல் 1150 வரை. எனவே காப்பியத்திற்கு ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகள் முந்தியது ஓவியம். பின்தோன்றிய நூலை முன்தோன்றிய ஓவியத்திற்கு மூலமாகக் கூறுதல் பொருந்தாது.

அற்றேல், சேக்கிழார் அவ்வோவியத்தைக் கண்டே பாடினார் எனலாமோ எனின், அதுவும் சான்றின்றித் துணிவதாகும். உட்சுற்றின் சுவரை அவர் கண்டார் என்பதற்கு நூலில் அகச்சான்று இல்லை. கதைக்குரிய வித்து சுந்தரர் வாக்கிலேயே உள்ளது. வெண்ணெய்நல்லூரில் இறைவன் தம்மை ஆட்கொண்டதனை அவர் பாடியுள்ளார். கயிலைச் செலவிற்கு யானை அருளப்பெற்றதனையும் நொடித்தான்மலைப் பதிகத்திற் கூறியுள்ளார். பதிகத்தில் குறிப்பாக நின்றது மக்கள் வழக்கில் கதையாக விரிந்து, ஓவியனுக்கும் கவிஞருக்கும் பொதுச் செல்வமாயிற்று எனக் கொள்ளுதலே தக்கது.

இதனை வலியுறுத்தும் சான்று அக்கோயிற் கல்வெட்டுகளிலேயே கிடைக்கின்றது. நம்பியாரூரர், பரவையார், திருநாவுக்கரசர், ஞானசம்பந்தர், சிறுத்தொண்டர், சீராளர் முதலியோர்க்குச் செப்புத்திருமேனி எடுத்த செய்தியை அவை கூறுகின்றன. அவற்றுள் மிலாடுடையாராகிய மெய்ப்பொருள் நாயனாரின் திருமேனியைக் குறிக்குங்கால், தம்மைக் குத்திய பகைவனையும் நம்மவன் எனக் காக்குமாறு அவர் தத்தனிடம் உரைத்த மொழியே அவர்க்கு அடைமொழியாக வழங்கப்பட்டுள்ளது. காப்பியத்தில் நம் உள்ளத்தை உருக்கும் அம்மொழி, சேக்கிழாருக்கு ஒரு நூற்றாண்டு முன்னரே கல்லில் ஏறிவிட்டது.

இங்ஙனமாயின் சேக்கிழாரின் தனித்திறம் யாது? ஓவியன் வழக்கினைக் காட்ட ஓலையும் அவையும் வரைந்தான். பேச்சினை வரைதல் அவனுக்கு இயலாது. சேக்கிழாரோ அதனை முறைமன்ற நிகழ்ச்சியாகவே நடத்துகின்றார். சுந்தரர் கிழித்தது படியோலை. மூலவோலை பின்னர் வெளிவருகின்றது. ஆட்சி, ஆவணம், அயலார் சாட்சி என்னும் முத்திறச் சான்றும் பேசப்படுகின்றன. பாட்டனாரின் பிற கைச்சாத்தோடு ஓலையின் எழுத்து ஒப்பிடப்படுகின்றது. ஓவியனுக்கோ வேறொரு வலிமை உண்டு. காப்பியத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் பிரிந்து நிற்கும் ஆட்கொள்ளலையும் கயிலைச் செலவையும் அவன் ஒரே சுவரில் அமைத்தமையால், காண்போன் இரண்டனையும் ஒருங்கே காண்கின்றான்.

மூன்றாவதாக நிற்பது தாராசுரம். 1146-இல் பட்டமெய்திய இரண்டாம் இராசராசன் எடுப்பித்த அக்கோயிலில் அடியார் வரலாறுகள் சிறு புடைப்புச் சிற்பங்களாக, பெயர்பொறித்த கல்வெட்டுகளுடன் வரிசையாக அமைந்துள்ளன. சேக்கிழாரை அடுத்த தலைமுறையினது ஆதலின், இவை காப்பியத்தின் நேர்விளைவு என உடனே முடிவுசெய்தல் எளிது. ஆயின் சிற்ப வரிசை திருத்தொண்டத்தொகையின் வரிசை. நம்பியாண்டார் நம்பியின் அந்தாதியும் சேக்கிழார் நூலும் பின்பற்றுவது அதனையே. ஆதலால் வரிசை ஒன்றே கொண்டு காப்பியச் செல்வாக்கை நிறுவ இயலாது. தொகையிலும் அந்தாதியிலும் காணப்பெறாது சேக்கிழாரிடம் மட்டும் காணப்பெறும் நிகழ்ச்சிக்கூறு எச்சிற்பத்தில் உளது என ஒவ்வொன்றாக நோக்குதல் வேண்டும்.

பதிகம், வாய்மொழி, திருமேனி, ஓவியம், காப்பியம், சிற்பம் என இவ்வரலாறு கைமாறி வந்துள்ளது. ஒவ்வொரு கலையும் தான் பெற்றதைத் தன் கருவிக்கேற்ப மாற்றியே அடுத்ததற்கு வழங்கியது. கோயிற் சுவரை நூலின் விளக்கப்படமாக மட்டும் கருதுவோர் இம்மாற்றத்தைக் காணத் தவறுவர். இலக்கிய வரலாறு எழுதப் புகும் இளைஞர், ஏட்டுச்சுவடிகளோடு சுவரையும் செம்பையும் கல்லையும் மூலமாகக் கொண்டு பயிலுவாராயின், சேக்கிழாருக்கு மரபு தந்தது எவ்வளவு, அவர் மரபுக்குத் தந்தது எவ்வளவு என்பதை வரையறுத்தல் கைகூடும்.