மலாயாவில் பெரிபெரி ஆய்வும் தமிழ்த் தொழிலாளரின் புழுங்கல் அரிசியும்: ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

உயிர்ச்சத்துக் கண்டுபிடிப்பின் வரலாறு பெரும்பாலும் சாவகத்துக் கோழிகளையும் ஐரோப்பிய ஆய்வுக்கூடங்களையும் மையமிட்டே எழுதப்பட்டு வருகிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் நிகழ்ந்த பெரிபெரி ஆய்வுகளில், தமிழ்த் தொழிலாளர் உண்ட புழுங்கல் அரிசி பெற்ற இடத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. அவ்வரிசி நோயைத் தடுத்தது என்பதும், அதனை உண்டோர் நோய்த்தடுப்பை அறிந்தே உண்டனர் என்பதும் வேறு வேறான கூற்றுகள் என்பதை நிறுவ முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: பெரிபெரி, புழுங்கல் அரிசி, மலாயாத் தமிழர், தயமின், உணவு வரலாறு.

முன்னுரை

கால்களில் வீக்கம், நரம்புத் தளர்ச்சி, இறுதியில் இதயச் செயலிழப்பு எனத் தொடரும் பெரிபெரி, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தென்கிழக்காசியச் சிறைகளிலும் படைமுகாம்களிலும் சுரங்கங்களிலும் பெருந்தொகையினரைப் பலிகொண்டது. நீராவி ஆலைகளில் தவிடு முற்றிலும் நீக்கப்பட்ட வெண்ணிற அரிசி பரவிய காலமும் அதுவே. எனினும் நோய்க்குக் காரணம் கிருமியே எனப் பலரும் கருதினர். பத்தேவியாவில் கிறிஸ்டியான் எய்க்மான், தீட்டிய அரிசியை மட்டும் உண்ட கோழிகளுக்கு இதனையொத்த நோய் தோன்றுவதையும், தவிடு அதனைக் குணப்படுத்துவதையும் கண்டார். ஆயினும் அரிசியில் உள்ள நச்சினைத் தவிடு முறிப்பதாகவே அவர் முதலில் விளக்கினார். 1901இல் கெரிட் கிரைன்ஸ், இன்றியமையாத ஒரு பொருளின் குறைபாடே காரணம் என்றார்.

மலாயாவின் ஒப்பீடு

மலாயாவில் பணியாற்றிய மருத்துவர் லியோனார்ட் பிராடன், மக்கள் பிரிவுகளுக்கிடையே நோய்ப்பரவல் வேறுபடுவதை உற்றுநோக்கினார். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனர், ஆலையில் தீட்டிய சயாம் பச்சரிசியை உண்டனர். அவர்களிடையே நோய் மிகுந்திருந்தது. தம் நெல்லைத் தாமே குத்தி உண்ட ஊர்ப்புற மலாய் மக்களிடமும், புழுங்கல் அரிசி உண்ட தமிழ்த் தொழிலாளரிடமும் அது அரிதாகவே காணப்பட்டது. தட்பவெப்பமும் நிலமும் ஒன்றாயிருக்க, அரிசி மட்டும் வேறாயிருந்தது. 1907இல் வெளியான தம் நூலில் பிராடன் இதனை விரிவாக எடுத்துரைத்தார். ஆயினும் பழம் அரிசியில் தோன்றும் நஞ்சே காரணம் என்பது அவர் முடிபு. நோக்கல் சரியாக இருந்தும் விளக்கம் பிழைத்தது.

இக்கருத்தினைச் சோதிக்க விழைந்த வில்லியம் பிளெட்சர், 1906இல் கோலாலம்பூர் மனநோயாளர் காப்பகத்தில் இருந்தோரை ஒன்றுவிட்டு ஒருவராகப் பிரித்து, ஒரு பிரிவினர்க்குத் தீட்டிய பச்சரிசியும் மறுபிரிவினர்க்குப் புழுங்கல் அரிசியும் வழங்கினார். இடமே காரணமோ என்னும் ஐயத்தை நீக்க, இடையில் இரு பிரிவினரின் தங்குமிடங்களும் மாற்றப்பட்டன. பச்சரிசி உண்டோருள் 18 பேர் பெரிபெரியால் மாண்டனர். மறுபிரிவில் அந்நோயால் எவரும் இறக்கவில்லை. ஒப்புதல் தரும் நிலையில் இல்லாதோர் மீது இச்சோதனை நிகழ்ந்தது என்பதையும் வரலாறு பதிவுசெய்தல் வேண்டும். அடுத்து ஹென்றி பிரேசர், தாமஸ் ஸ்டாண்டன் ஆகியோர், நெகிரி செம்பிலானில் சாலைப் பணியிலிருந்த ஏறத்தாழ 300 சாவகத் தொழிலாளரிடம் ஆய்வு நடத்தி, 1909இல் அதே முடிவினை உறுதிப்படுத்தினர். 1912இல் காசிமிர் பங்க் ‘வைட்டமின்’ என்னும் கலைச்சொல்லை முன்மொழிவதற்கு முன்பே, தடுப்புமுறை தெளிவாகிவிட்டது.

புழுக்கலின் செயல்முறை

நெல்லை ஊறவைத்து, அவித்து, உலர்த்துகையில், நீரில் கரையும் தயமின் தவிட்டுப் பகுதியிலிருந்தும் முளைக்கருவிலிருந்தும் அரிசியின் உட்பகுதிக்கு ஊடுருவுகிறது. மாவுச்சத்து இறுகுவதால் சத்துள்ள மேலடுக்கும் எளிதில் உதிர்வதில்லை. எனவே ஆலையில் தீட்டிய பின்னரும் தயமின் கணிசமாக எஞ்சுகிறது. 1926இல் யான்சனும் டோனத்தும் சாவகத்தில் இச்சத்தினைப் பிரித்தெடுத்தனர். குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தின் ஆய்வுகள் இதற்கு மேலும் சான்றளித்தன. ஆலையில் தீட்டிய பச்சரிசியை உண்ட வட சர்க்கார் மாவட்டங்களில் பெரிபெரி நிலைத்திருக்க, புழுங்கல் அரிசி வழங்கிய தமிழ் மாவட்டங்களில் அது அரிதாயிருந்தது.

மதிப்பீடு

இச்செய்திகளைக் கொண்டு, ‘முன்னோர் உயிர்ச்சத்தை அறிந்திருந்தனர்’ என முடிவுகட்டுதல் பொருந்தாது. புழுக்கிய நெல்லில் உமி எளிதில் நீங்கும், குத்துகையில் அரிசி நொறுங்காது, நெடுநாள் கெடாது. உழைக்கும் மக்களின் அன்றாட வழக்காக அது நிலைபெற இப்பயன்களே போதுமானவை. பொங்கலுக்கும் படையலுக்கும் உரியதாகப் பச்சரிசியே மதிக்கப்பட்டது என்பதும் கருதத்தக்கது. மறுபுறம், இவ்வழக்கு இல்லாதிருப்பின் மலாயா ஆய்வாளர்க்கு ஒப்பீட்டுக்குரிய அரிசியே கிடைத்திராது. 1929இல் எய்க்மான் நோபல் பரிசினைப் பகிர்ந்துகொண்டார்; தம் உணவால் ஒப்பீட்டுக்கு அடித்தளமிட்ட தொழிலாளர், ஆவணங்களில் இனப்பெயராகவும் எண்ணிக்கையாகவும் மட்டுமே எஞ்சினர். பெரிபெரி அணுகாத அவர்களைத் தோட்டங்களில் மலேரியாவும் வயிற்றுப்போக்கும் கொன்றன என்பதால், இவ்வரலாற்றைப் பெருமிதக் கதையாக மட்டும் கூறவும் இயலாது.

முடிவுரை

வழக்கு, நோக்கல், விளக்கம் ஆகியன தனித்தனியே தோன்றி, வெவ்வேறு மாந்தரால் இணைக்கப்பட்டன என்பதே பெரிபெரி வரலாறு காட்டும் உண்மை. மரபு உணவுகளின் மருத்துவப் பயனை ஆராய்வோர் இம்மூன்றையும் பிரித்தறிதல் வேண்டும். அவ்வாறு பிரித்தறிவது மரபின் மதிப்பைக் குறைப்பதாகாது. பெயரின்றி மறைந்த உழைப்பாளர்க்கு அறிவியல் வரலாற்றில் உரிய இடத்தைச் சான்றுடன் பெற்றுத்தருவதே ஆகும்.