கிட்டாரைக் குடைந்த மனிதர்

இருங்காட்டுக்கோட்டை என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ஹூண்டாய். 1998ல் முதல் சான்ட்ரோ வெளியே வந்த இடம். கொஞ்சம் வண்டிப் பைத்தியமாக இருந்தால், ரேஸ் டிராக்.

சென்னைக்காரர்களுக்கு ஒரு காலத்தில் கார் பந்தயம் என்றால் சோழவரம்தான். யுத்த காலத்தில் விமானம் இறங்குவதற்காகப் போட்ட ஓடுபாதை. நீள நீளமான நேர்கோடு. ஆக்ஸிலேட்டரை அழுத்தி மிதித்தால் பாதி வேலை முடிந்தது. 1990ல் இருங்காட்டுக்கோட்டையில் புது டிராக் வந்தது. ஏறக்குறைய மூணே முக்கால் கிலோமீட்டர், அதற்குள் 12 வளைவுகள். இந்த மாதிரி இடத்தில்தான் சாயம் வெளுக்கும். நேர்கோட்டில் யார் வேண்டுமானாலும் பறக்கலாம். வளைவில் வண்டி என்ன ஆகிறது என்பதில்தான் டிரைவர் தெரிவார்.

இந்த வாரம் காரைப் பற்றி அல்ல, ஒரு கிட்டாரைப் பற்றி. ஆனால் விஷயம் இதேதான். நேர்கோட்டு வேகத்தில் உலகையே வாய்பிளக்க வைத்த ஒரு ஜாஸ் கலைஞர், வளைவு கற்றுக்கொள்ள நம் ஊர் வித்வான்களிடம் வந்து உட்கார்ந்த கதை.

பெயர் ஜான் மெக்லாஃப்லின். 1942 ஜனவரி 4ம் தேதி இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், டான்காஸ்டர் பக்கத்தில் பிறந்தவர். அம்மா வயலின் வாசிப்பார். பையன் 11 வயதில் கிட்டாரைத் தூக்கினான். லண்டன் கிளப்புகளில் கிடைத்த வாய்ப்பில் எல்லாம் வாசித்துப் பசியாறிக்கொண்டிருந்தவர், 1969 தொடக்கத்தில் நியூயார்க் போய் இறங்கினார். இறங்கிய சில நாட்களிலேயே யார் ஸ்டூடியோவுக்குக் கூப்பிட்டார் தெரியுமா? மைல்ஸ் டேவிஸ்! ஜாஸ் உலகத்தின் பெரியவர். பிப்ரவரி 18 அன்று ரெக்கார்டிங். மெக்லாஃப்லின் பதற்றத்தில் இருக்க, கிட்டார் வாசிக்கவே தெரியாதவன் மாதிரி வாசி என்றாராம் மைல்ஸ். இந்தச் சம்பவத்தை மெக்லாஃப்லின் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அன்று பதிவானது, ‘இன் எ சைலன்ட் வே’. அதே வருடம் ஆகஸ்டில் பதிவான ‘பிட்சஸ் ப்ரூ’ ஆல்பத்தில் ஒரு டிராக்குக்கு ‘ஜான் மெக்லாஃப்லின்’ என்றே பெயர் வைத்தார் மைல்ஸ்.

1971ல் சொந்தக் குழு. பெயரைப் பாருங்கள், ‘மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா’. அப்போது அவர் ஸ்ரீ சின்மாயின் சீடர். ‘மகாவிஷ்ணு’ குரு வைத்த பெயர். மேடையில் வெள்ளை உடை, கையில் இரட்டைக் கழுத்து கிப்ஸன் கிட்டார், பின்னால் சுவர் மாதிரி ஸ்பீக்கர்கள். அந்தச் சத்தத்தில் அப்படியொரு வேகம். ராக் கச்சேரிக்கு வந்த கூட்டம் மிரண்டது. 1973ல் வந்த ‘பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்’ அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 15வது இடத்துக்குப் போனது. பாட்டே இல்லாத, ஐந்து, ஏழு, ஒன்பது என்று எண்ணிக்கை மாறிக்கொண்டே இருக்கும் இசைக்கு இது நம்ப முடியாத இடம். (நம் ஊர்ப் பாட்டிக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருந்திருக்காது. கண்ட சாபு, மிஸ்ர சாபு என்று தொடையைத் தட்டிக் கணக்குப் போட்டிருப்பார்.)

பணம், புகழ், கூட்டம். இந்த இடத்தில் எல்லோரும் என்ன செய்வார்கள்? அதையே இன்னும் பத்து வருடம் ஓட்டுவார்கள். மனுஷன் என்ன செய்தார் என்றால், வீணை கற்றுக்கொள்ளப் போனார்.

அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் வெஸ்லியன் பல்கலைக்கழகம் என்று ஒன்று உண்டு. கர்நாடக சங்கீதத்துக்கு அது ஒரு வெளிநாட்டு அக்ரஹாரம் மாதிரி. நம் வித்வான்கள் பலர் அங்கே போய்ச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். 1970களின் தொடக்கத்தில் அங்கே இருந்தவர் டாக்டர் எஸ். ராமநாதன். பாடகர், வீணைக்காரர், இசை ஆராய்ச்சியாளர். அவரிடம்தான் மெக்லாஃப்லின் பாடம் கேட்டார். அங்கேயே அறிமுகமானவர், ஆராய்ச்சி மாணவராக இருந்த வயலின் எல். சங்கர். யாழ்ப்பாணத்தில் சங்கீதம் சொல்லிக்கொடுத்த வி. லட்சுமிநாராயணாவின் மகன், எல். சுப்பிரமணியத்தின் தம்பி. 1958 இனக் கலவரத்துக்குப் பிறகு சென்னைக்கு வந்து சேர்ந்த குடும்பம். அதே பல்கலைக்கழகத்தில் மிருதங்கம் சொல்லிக்கொடுத்தவர் ராமநாதபுரம் ராகவன். ஆக, ஒரே வளாகத்தில் குரு, வயலின், மிருதங்கம் மூன்றும் ரெடி.

வீணையில் உட்கார்ந்தவுடன் ஒரு விஷயம் மெக்லாஃப்லினுக்கு உறைத்திருக்க வேண்டும். அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் கதையின் முடிச்சே அங்கேதான்.

வீணையில் 24 மெட்டுகள். மெழுகுப் படுகையின் மேல் உயரமாக நிற்பவை. விரலை ஒரே மெட்டில் வைத்துக்கொண்டு தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால் அடுத்த ஸ்வரம், அதற்கும் அடுத்தது என்று குரல் மாதிரி வழுக்கிக்கொண்டு போகலாம். இதுதான் கமகம். தோடியையும் பைரவியையும் கமகம் இல்லாமல் வாசித்துப் பாருங்கள். ஹார்மோனியம் பழகும் குழந்தை மாதிரி இருக்கும். கிட்டாரிலும் தந்தியை வளைக்கலாம், வளைக்கிறார்கள். ஆனால் மெட்டுக்கும் அடியில் உள்ள மரத்துக்கும் இடைவெளி ரொம்பக் குறைவு. விரல் உடனே மரத்தில் போய் முட்டிவிடும். அழுத்தம் தந்திக்குப் போகாமல் மரத்துக்குப் போகும்.

மெக்லாஃப்லின் கண்ட வழி எளிமையானது, கொஞ்சம் முரட்டுத்தனமானதும்கூட. மரத்தைக் குடைந்துவிடு! கிப்ஸன் கம்பெனியின் ஏப்ரஹாம் வெக்டர் என்ற கைவினைஞர் அவருக்காகத் தனி கிட்டார் செய்துகொடுத்தார். மெட்டுக்கும் மெட்டுக்கும் நடுவில் மரம் சின்னச் சின்னப் பள்ளமாகச் செதுக்கப்பட்டது. இப்போது விரல் அந்தரத்தில் தந்தியோடு மட்டும் பேசும். பக்கவாட்டிலும் இழுக்கலாம், கீழ்நோக்கியும் அழுத்தலாம். இருங்காட்டுக்கோட்டையில் மைக்ரான் கணக்கில் உலோகம் இழைக்கிறவர்களுக்கு இதன் ஆபத்து உடனே புரியும். கொஞ்சம் அதிகமாகக் குடைந்தால் கழுத்து பலவீனம். வாசிக்கும்போது கொஞ்சம் அதிகமாக அழுத்தினால் சுருதி ஏறிவிடும். சாதாரண கிட்டார்க்காரருக்கு அது பிழை. வீணை கேட்டவருக்கு அதுவே வாசல். முப்பது வயதைத் தாண்டி, உலகப்புகழ் வாங்கிய கையை மறுபடி முதலிலிருந்து பழக்க வேண்டும் என்பதுதான் விலை.

ஒலித்துளையின் மேல் சாய்வாக இன்னும் ஏழு தந்திகள் கட்டப்பட்டன. அவை தானாக அதிரும். இது வீணை சமாசாரம் இல்லை, சிதார், சரோத் பக்கத்துச் சமாசாரம். ஒரே கிட்டாரில் வடக்கும் தெற்கும் வாடகைக்குக் குடிவந்தன என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

குழுவுக்குப் பெயர் ‘சக்தி’. வடக்கிலிருந்து ஜாகிர் உசேனின் தபலா. தெற்கிலிருந்து சங்கர், ராகவன், கூடவே ஒரு மண்பானையோடு வந்தவர், டி.எச். விநாயகராம். நாம் அன்போடு சொல்லும் விக்கு. இவரும் 1942ல் பிறந்தவர்தான்.

1966ல் ஐக்கிய நாடுகள் சபையில் எம்.எஸ். பாடியபோது கடம் வாசித்தவர் விக்கு. அவ்வளவு பெரிய வித்வானுக்கும் சபா மேடையில் என்ன இடம்? கடத்துக்கு நம் ஊரில் உள்ள பெயரே ‘உபபக்கவாத்தியம்’. பக்கவாத்தியம்கூட இல்லை, அதற்கும் உபரி. உட்காருவது பின் வரிசை. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கம் வாசித்து முடித்த பிறகு மிச்ச நிமிடங்கள். அந்த நேரம் பார்த்துத்தான் நம் ரசிகப் பெருமக்களுக்குக் கேன்டீன் ஞாபகம் வரும். இது நான் மிகைப்படுத்துவது இல்லை, மார்கழியில் எந்த சபாவுக்கும் போய்ப் பாருங்கள்.

1975 ஜூலை 5. நியூயார்க் மாநிலத்தில் சவுத்ஹாம்ப்டன் கல்லூரி. சக்தியின் முதல் ஆல்பம் ஸ்டூடியோவில் அல்ல, இந்த மேடையில்தான் பதிவானது. மெக்லாஃப்லின் சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கிறார். ஸ்பீக்கர் சுவரெல்லாம் போச்சு. முதல் உருப்படி ‘ஜாய்’, 18 நிமிடம். அதன் வேகத்தைக் கேட்டால் மகாவிஷ்ணுவே ஜுஜுபி என்று தோன்றும். ஆனால் கவனிக்க வேண்டியது வேகத்தை அல்ல. கிட்டாரும் வயலினும் ஒரே சங்கதியைப் பிடித்துக்கொண்டு ஓடி, ஒரே இடத்தில் வளைந்து, ஒரே இடத்தில் போய் விழுகின்றன. பிறகு பானையின் முறை. யாரும் கேன்டீனுக்கு எழுந்து போகவில்லை. கூட்டம் கத்துகிறது.

மண்பானைக்குச் சம ஆசனம் கிடைத்தது அங்கேதான் என்பது என் கட்சி. மேற்கத்திய விமர்சகர்கள் இந்தக் கதையை எழுதும்போது மெக்லாஃப்லின் இந்திய இசைக்கு உலக மேடை ‘கொடுத்தார்’ என்று எழுதுவார்கள். நான் பி.காம். படித்தவன். வரவு எந்தப் பக்கம், பற்று எந்தப் பக்கம் என்று பார்க்காமல் விட முடியாது. கமகம் வாங்கினார், கணக்கு வாங்கினார், உட்காரும் முறையைக்கூட வாங்கினார். கொடுத்தது மேடையும் மைக்கும். சின்ன விஷயமில்லை. ஆனால் கடன் யார் பக்கம் அதிகம் என்பதில் சந்தேகம் வேண்டாம். அவரும் ஒருநாளும் மறுத்ததில்லை, அதுதான் அவரிடம் பிடித்தது.

அவர் வாங்கியவற்றில் பெரியது கொன்னக்கோல். வாயால் தாளச் சொற்கட்டு சொல்லும் கலை. இருங்காட்டுக்கோட்டையைத் தாண்டி அதே பெங்களூரு நெடுஞ்சாலையில் போய்த் திரும்பினால் காஞ்சிபுரம். அங்கே நாயனா பிள்ளை (1889–1934) என்று ஒரு லய சிங்கம் இருந்தார். அவர் கச்சேரி என்றால் மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், கொன்னக்கோல் என்று மேடை நிறையப் பக்கவாத்தியம். ‘ஃபுல் பெஞ்ச்’ கச்சேரி என்றே அதற்குப் பெயர். கோர்ட்டில் நீதிபதிகள் எல்லாம் சேர்ந்து உட்காருவார்களே, அதுபோல! பிற்காலத்தில் சபாக்களின் நேரம் சுருங்கச் சுருங்க, முதலில் மேடையை விட்டு இறங்கியது கொன்னக்கோல். நாம் இறக்கிவிட்டதைப் பத்திரமாக எடுத்துக்கொண்டவர்களில் ஒருவர் யார்க்‌ஷயர்காரர். சக்தியின் இரண்டாவது ஆல்பமான ‘எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி’யில் ‘லா டான்ஸ் டு போனர்’ என்று ஒரு உருப்படி இருக்கிறது. பெயர் பிரெஞ்சு. ஆரம்பம், அக்மார்க் கொன்னக்கோல்.

சரி, கல்லாப்பெட்டி? அது சந்தோஷப்படவில்லை. மகாவிஷ்ணுவின் ரசிகர்கள் மின்சார இடியை எதிர்பார்த்தவர்கள். ரெக்கார்டு கம்பெனியின் கணக்குப்பிள்ளைகளுக்கு, ஓடுகிற கடையைப் பூட்டிவிட்டுப் பானைக்கடை திறந்த ஆள் இவர். மூன்று ஆல்பங்கள். 1978ல் சக்தி கலைந்தது.

மெக்லாஃப்லின் சும்மா இருக்கவில்லை. 1980 டிசம்பர் 5, சான் ஃபிரான்சிஸ்கோ. ஸ்பெயினின் பாக்கோ டி லூசியா, அமெரிக்காவின் அல் டி மியோலா, இவர். மூன்று கிட்டார்கள், மூன்று நாற்காலிகள், வேறு ஒன்றும் கிடையாது. அந்த நேரடிப் பதிவு பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. பிறகு வேறு வேறு குழுக்கள், சிம்பொனி, மீண்டும் மின்சாரம். அதையெல்லாம் இங்கே அடுக்கினால் இன்னொரு தொடர் எழுத வேண்டும்.

1997ல் பழைய பாசம் திரும்பியது. ‘ரிமெம்பர் சக்தி’. இந்த முறை விக்குவின் இடத்தில் சீக்கிரமே அவர் மகன் செல்வகணேஷ் வந்தார், முக்கியமாகக் கஞ்சிராவோடு. (‘வெண்ணிலா கபடிக்குழு’வுக்கு இசையமைத்தாரே, அவரேதான்.) சங்கரின் வயலினுக்குப் பதில் மாண்டலின் ஸ்ரீநிவாஸ். யோசித்துப் பாருங்கள். கமகத்துக்கு லாயக்கே இல்லை என்று ஒதுக்கப்பட்ட மேற்கத்திய வாத்தியத்தில் சின்ன வயதிலேயே கமகத்தைக் கொண்டுவந்து காட்டிய மேதை ஒருபுறம். அதே பிரச்னைக்காகக் கிட்டாரையே குடைந்தவர் மறுபுறம். இருவரும் மாற்றி மாற்றி வாசிக்கும் இடங்களில், ஸ்ரீநிவாஸ் சிரித்துக்கொண்டே போடும் ஒரு சங்கதிக்கு மெக்லாஃப்லின் தலையை ஆட்டிச் சரணடைவார். இவரோ அவரைவிட 27 வயது மூத்தவர்! 2007ல் சென்னைக்கே வந்து நம் கலைஞர்களோடு ‘ஃப்ளோட்டிங் பாயின்ட்’ ஆல்பத்தைப் பதிவு செய்தார்.

2014 செப்டம்பர் 19ம் தேதி ஸ்ரீநிவாஸ் சென்னையில் காலமானார். வயது 45. அந்த இடம் காலியாகவே கிடந்தது பல வருடம்.

மெக்லாஃப்லினுக்கும் கை மூட்டுவலி. 2017ல் அமெரிக்காவில் விடைபெறும் சுற்றுப்பயணம் என்று அறிவித்து, மகாவிஷ்ணு காலத்து உருப்படிகளை வாசித்தார். கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். முடியவில்லை. 2023ல் ‘திஸ் மொமென்ட்’ என்ற புது ஆல்பத்தோடு சக்தி மறுபடி கிளம்பியது. ஜாகிர், செல்வகணேஷ், சங்கர் மகாதேவன், வயலினில் கணேஷ் ராஜகோபாலன் (கணேஷ்-குமரேஷ் சகோதரர்களில் மூத்தவர்). மெக்லாஃப்லினுக்கு வயது 81. இந்தியா, அமெரிக்கா என்று ஊர் ஊராகக் கச்சேரி. 2024 பிப்ரவரியில் அந்த ஆல்பத்துக்கு கிராமி. அப்பா விக்கு ‘பிளானட் டிரம்’மில் வாசித்து, அந்த ஆல்பம் கிராமி வாங்கியது 1992ல். மகன் கைக்கு விருது வர 32 வருடம். அதே 2024 டிசம்பர் 15ம் தேதி ஜாகிர் உசேன் போய்ச் சேர்ந்தார்.

மெக்லாஃப்லினின் பதிவுகளில் முதலில் எதைக் கேட்க என்று நீங்கள் கேட்டால், ‘ஜாய்’ என்பேன். ஆனால் பார்க்க வேண்டியது வேறு. 2007ல் அவரும் செல்வகணேஷும் சேர்ந்து வெளியிட்ட ‘தி கேட்வே டு ரிதம்’ என்ற டிவிடி. கிட்டார் பாடம் என்று நினைத்து வாங்கியவர்கள் ஏமாந்திருப்பார்கள். கொன்னக்கோல் பாடம் அது. 65 வயது ஜாஸ் ஜாம்பவான், தன் பழைய தோழரின் மகனோடு உட்கார்ந்து, கையால் தாளம் போட்டுக்கொண்டு ‘தகதிமி தகஜுணு’ சொல்கிறார்.