ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்றால் தமிழ்

பணி ஓய்வுக்குப் பிறகு அக்கம்பக்கத்து வீடுகளில் கணினி மக்கர் செய்தால் என்னைக் கூப்பிடுவது வழக்கமாகிவிட்டது. இணையம் வரவில்லை, பிரிண்டர் பக்கத்து அறைக் கணினியின் கண்ணுக்குத் தெரியவில்லை என்பவையெல்லாம் சில்லறைத் தொல்லைகள். மோடத்தை அணைத்து, பத்து எண்ணி, மறுபடி போட்டாலே பாதி தீர்ந்துவிடும். ஆனால் நம் வயதுக்காரர்கள் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்விக்கு இந்த வைத்தியம் பலிக்காது. "பழைய சிடியிலிருந்த கோப்பை மகன் வீட்டுக் கணினியில் போட்டோம். தமிழுக்குப் பதிலாக ஏதோ ஆங்கில எழுத்துகளாக வருகிறது. வைரஸா?" என்பதுதான் அது.

வைரஸ் இல்லை. கோப்பும் கெடவில்லை. ஏன் இப்படி வருகிறது என்று புரிய, கணினிக்குள் தமிழ் நுழைந்த வரலாற்றைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். இந்த எண்ணுக்கு இந்த எழுத்து என்று மனிதர்கள் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் 1963-ல் அப்படி ஒரு பட்டியல் போட்டார்கள். அதில் 128 இடங்கள். ஆங்கிலத்துக்கு அது தாராளம். பிறகு அது 256 இடங்களாக விரிந்தபோது மேல்பாதி 128 இடங்கள் மற்ற மொழிகளுக்குக் கிடைத்தன. நமக்கோ 247 எழுத்து; ஜ, ஷ, ஸ, ஹ வேறு. 128 இடத்துக்குள் இத்தனையையும் எப்படி அடைப்பது?

ஆளாளுக்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். முன்கை எடுத்தவர்களில் பலர் வெளிநாட்டுத் தமிழர்கள். கனடாவில் முனைவர் சீனிவாசன் 'ஆதமி' செய்தார். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் விஞ்ஞானியாக இருந்த கு. கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவை உருவாக்கி இலவசமாகவே கொடுத்தார். மலேசியாவில் முத்து நெடுமாறனின் 'முரசு', சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் 'கணியன்' வந்தன. இலங்கைத் தமிழரிடையே 'பாமினி' பரவியது. நம் அரசு அலுவலகங்களிலும் டிடிபி சென்டர்களிலும் 'வானவில்' உட்கார்ந்துகொண்டது. ஒவ்வொன்றும் நல்ல முயற்சிதான். ஆனால் ஒருவர் போட்ட எண் பட்டியல் மற்றவர் பட்டியலோடு ஒத்துப்போகவில்லை.

ஓர் உதாரணம் சொல்கிறேன். பாமினியில் தட்டிய 'தமிழ்' என்ற சொல்லை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஐந்து குறிகள் தெரியும். அதே சொல் வானவில் அவ்வையார் எழுத்துருவில் என்றால் முதலில் ஜே, அடுத்து தலையில் இரட்டைப் புள்ளி வைத்த ஏ, கடைசியில் ஓவும் ஈயும் ஒட்டிய ஒரு குறி என்று மூன்றே வரும். ஏனென்றால் பாமினி ம, கொக்கி, ழ, புள்ளி எனத் தனித்தனியாக வைத்திருக்கிறது. வானவில் 'மி'யையும் 'ழ்'-ஐயும் முழு எழுத்தாகவே ஒரே இடத்தில் வைத்திருக்கிறது.

இரண்டிலும் முதல் எழுத்து ஜேதான் என்பதைக் கவனியுங்கள். 'நாடு' என்ற சொல்லோ இரண்டிலும் ஒரே மாதிரி, ஈ, எச், எல் என்று வரும். இது தற்செயல் இல்லை. தமிழ்த் தட்டச்சுப் பொறியில் 'த' இருந்த விசை ஜே, 'ந' இருந்த விசை ஈ. கீரனூரிலோ புதுக்கோட்டையிலோ இன்ஸ்டிட்யூட்டில் டைப்ரைட்டிங் கற்றவர்களுக்கு விரல் இன்னும் அங்கேதான் போகும். யாழ்ப்பாணத்தில் பிறந்து மலேயா போன ஆர். முத்தையா உருவாக்கிய தமிழ்த் தட்டச்சின் வழி வந்த பழக்கம், இப்படிக் கணினிக்குள்ளும் தொடர்ந்தது. ஆகவே நாம் குப்பை என்று நினைக்கும் வரிகளுக்குள் ஓர் ஒழுங்கு உண்டு. ஒழுங்கு இருப்பதால்தான் அதை மீட்கவும் முடிகிறது.

ஒரே பட்டியலுக்கு எல்லாரும் வரவேண்டும் என்ற முயற்சி 1997 மே மாதம் சிங்கப்பூரில் கூடிய முதல் தமிழ் இணைய மாநாட்டில் சூடுபிடித்தது. உலகெங்குமிருந்த ஆர்வலர்கள் மின்னஞ்சலில் விவாதித்தே 'டிஸ்கி' என்ற பட்டியலை உருவாக்கினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த மாநாட்டை ஒட்டி, தமிழ்நாடு அரசு 'டேப்', 'டாம்' என்று இரண்டைக் கொண்டுவந்தது. ஆங்கிலமும் தமிழும் சேர்ந்திருக்க ஒன்று, தமிழ் மட்டும் என்றால் மற்றொன்று. உயிரெழுத்து இடப்பக்கமும் மெய் வலப்பக்கமும் இருக்கும் 'தமிழ்99' விசைப்பலகையும் அப்போது வந்ததுதான். 2000-ல் சிங்கப்பூரில் 'உத்தமம்' என்ற உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் தோன்றியது.

ஆனாலும் சிக்கல் தீரவில்லை. அந்த நாட்களில் ஒரு பத்திரிகையின் இணையதளத்தைப் படிக்க ஓர் எழுத்துருவையும், இன்னொன்றைப் படிக்க வேறொன்றையும் இறக்கிக்கொள்ள வேண்டியிருந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும்.

தீர்வு யூனிகோடு வழியாக வந்தது. உலக மொழிகள் எல்லாவற்றுக்கும் ஒரே பட்டியல், ஒரு மொழியின் இடத்தில் இன்னொரு மொழி உட்காராது. 1991-ல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடம் ஒதுக்கியிருந்தார்கள். ஆனால் பட்டியலில் இடம் கிடைத்தால் போதுமா? வீட்டுக் கணினிக்கு அதைக் காட்டத் தெரிய வேண்டுமே. விண்டோஸ் 2000 'லதா' எழுத்துருவோடு வந்த பிறகுதான் அது நடந்தது. யூனிகோடில் தமிழ் வரிசை இந்திய மொழிகளுக்கான பொதுப் பட்டியலைப் பின்பற்றி அமைந்தது, தமிழ் இலக்கணத்துக்குப் பொருந்தவில்லை என்ற மனக்குறை அறிஞர்களிடம் இருந்தது. அதற்காக எல்லா உயிர்மெய்க்கும் தனி இடம் தரும் 'டேஸ்16' என்ற பட்டியலும் உருவானது. கோவையில் செம்மொழி மாநாடு நடந்த 2010 ஜூனில் தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ்16-ஐயும் தரப்படுத்தி ஆணையிட்டது. நடைமுறையில் வென்றது யூனிகோடு. இன்று நார்த்தாமலையிலிருந்து வாட்ஸ்அப்பில் அனுப்பும் 'சாப்பிட்டாயா' கனடாவில் பேரனுக்கு அப்படியே போய்ச் சேருகிறதென்றால், எழுத்தைப் பொறுத்தவரை அதற்குக் காரணம் இந்த உடன்பாடுதான்.

எழுத்து என்றாலே உடன்பாடுதான். நம் மேலமலையில் விசயாலய சோழீச்சரத்துக்கு எதிரே உள்ள பழியிலி ஈசுவரம் குடைவரையை எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் குடைவித்தவன் சாத்தன் பழியிலி, அதற்கு முகமண்டபம் எடுப்பித்தவள் அவன் மகள் பழியிலி சிறியநங்கை என்பதை அங்குள்ள நிருபதுங்கவர்ம பல்லவனின் 7-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு சொல்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டு எழுத்து. பழைய கல்வெட்டுகளில் பெரும்பாலும் மெய்க்குப் புள்ளி இருக்காது. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடும் கண்ணுக்குத் தெரியாது. படிப்பவர் அந்த வழக்கத்தை அறிந்து சரியாகக் கூட்டிப் படிக்கிறார். வழக்கம் அறிந்தவர் இருக்கும்வரை எழுத்துக்கு உயிர் உண்டு. 1929-ல் புதுக்கோட்டை சமஸ்தானம் கல்வெட்டுப் பாடங்களைத் தொகுத்து அச்சிட்டபோது செய்ததும் அதுதான்: பழைய வழக்கில் இருந்ததைப் புதிய வழக்குக்கு மாற்றிக் கொடுத்தார்கள். நம் வீட்டுச் சிடிக்கும் அதே வேலைதான் தேவைப்படுகிறது.

நம் குளத்தூர் தாலுகாவில் எனக்குத் தெரிந்த ஓர் ஓய்வுபெற்ற வாத்தியார். தன் வட்டாரத்துக் கிழவிகள் பாடிய ஒப்பாரி, தாலாட்டு, நடவுப் பாட்டுகளையெல்லாம் சேகரித்து, 1999-ல் ஒரு டிடிபி சென்டரில் தட்டச்சு செய்து பிளாப்பியில் வைத்திருந்தார். பிறகு அதைச் சிடிக்கு மாற்றினார்கள். கையெழுத்து நோட்டுகள் மழை ஒழுக்கில் நைந்துபோயின. போன வருடம் சிடியைத் திறந்தால் ஒரு வரிகூடப் படிக்க முடியவில்லை. வீட்டில் தூக்கிப் போட்டுவிடலாம் என்றார்கள். வரிகளைப் பார்த்தேன். ஜே, இரட்டைப் புள்ளி ஏ, ஒட்டிய ஓஈ. வானவில்! மாற்றி மென்பொருளில் போட்டு யூனிகோடாக்கினோம். பாடியவர்களின் பெயரும் ஊரும் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தபோது வாத்தியார் ஒன்றும் பேசவில்லை. அந்தப் பாட்டிமார்களில் ஒருவர்கூட இன்று இல்லை. பிளாப்பியிலேயே பழுதாகியிருந்த இரண்டு கோப்புகள் மட்டும் கிடைக்கவில்லை. அந்தப் பாட்டுகள் போனது போனதுதான்.

எனவே, திரையில் என்ன தெரிகிறது என்று முதலில் பாருங்கள்.

ஆங்கில எழுத்தும் புள்ளி வைத்த எழுத்துமாக வந்தால் பழைய எழுத்துரு. கவலை வேண்டாம். கோப்பில் எழுத்துருவின் பெயர் இருக்கும். அதைக் குறித்துக்கொண்டு என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றியில் கொடுங்கள். இடையில் உண்மையான ஆங்கிலச் சொற்கள் இருந்தால் அவையும் தமிழாகி உளறும். அவற்றைக் கையால் திருத்த வேண்டும்.

கட்டம் கட்டமாக வந்தால் எழுத்து சரியாகவே இருக்கிறது, காட்டுவதற்கான எழுத்துருதான் அந்தக் கருவியில் இல்லை. புதிய கணினியிலோ கைபேசியிலோ திறந்தால் தெரியும்.

கொம்பு இடம் மாறிப் புள்ளி வட்டத்தோடு நின்றால் மென்பொருள் பழையது. தட்டச்சில் கொம்பை முதலில் அடிப்போம். யூனிகோடில் 'க' முதலில், கொம்பு பின்னால் பதிவாகும். அதை முன்னால் நகர்த்திக் காட்டுவது மென்பொருளின் வேலை. பேஜ்மேக்கர் வைத்திருக்கும் அச்சகங்களில் அழைப்பிதழ் கொடுக்கும்போது தொல்லை வருவதும் யூனிகோடு தமிழ் அதற்குத் தெரியாததால்தான்.

வெறும் கேள்விக்குறிகளாக வந்தால்தான் வருத்தம். யூனிகோடு தமிழைப் பழைய 'ஆன்சி' முறையில் யாரோ சேமித்துவிட்டார்கள் என்று பொருள். அந்தக் கோப்புக்குள் எழுத்தே இல்லை. மூலக் கோப்பை மறுபடி வாங்குவதைத் தவிர வழியில்லை.

மாற்றிய பிறகும் பழைய கோப்பை அழிக்காதீர்கள். இரண்டு இடத்தில் பிரதி வையுங்கள், ஒரு படி தாளிலும் எடுங்கள். சிடிக்கும் ஆயுள் உண்டு. அதைப் படிக்கும் டிரைவ் புதுக் கணினிகளில் வருவதும் இல்லை. குடும்ப வரலாறோ, அப்பா சொல்ல எழுதிய கணக்கோ, பீரோவுக்குள் ஒரு சிடி கிடந்தால் இந்த வாரமே எடுத்துப் பாருங்கள்.